மாற்றுக் குறைந்த நட்சத்திரங்கள்

எங்கள் அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் தங்கத்தை உரசிப் பார்த்தவர். மதுரையில் தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால், எதிரே ஒரு சைக்கிள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில், மாடியில் பட்டறை. நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பழைய நட்சத்திரங்களில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறேன். ஆராய்ச்சி மாணவி, நான்காவது வருடம், எப்போது முடியும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ரெண்டும் ஒரே வேலைதான் என்பது எனக்குப் புரிய மூன்று வருடம் பிடித்தது. அப்பாவுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது, அதுவும் டீ ஆறுவதற்குள்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். நான் என்ன படிக்கிறேன் என்பதற்கு எங்கள் தெருவில் மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன: ராக்கெட் விடுகிறாள், ஜோசியத்தில் டாக்டர் பட்டம் வாங்குகிறாள், கம்ப்யூட்டரில் ஏதோ பண்ணுகிறாள். மூன்றாவதுதான் உண்மைக்கு ஓரளவு பக்கத்தில் வரும். பக்கத்து வீட்டு அத்தை பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் "பாப்பா, சுவாதிக்கும் திருவாதிரைக்கும் ஒத்துவருமா?" என்று கேட்டார். "வேணாம் அத்தை, சுவாதிக்கு வயசு ரொம்ப ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டேன். அத்தை அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் நான் சொன்னது நிஜம். சுவாதிக்கு எழுநூறு கோடி வருடம் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், நம் சூரியனுக்கே 460 கோடிதான். திருவாதிரைக்கு வயது ஒரு கோடி வருடத்தை ஒட்டித்தான், இந்தக் கணக்கில் பால்குடி மறக்காத பிள்ளை. அது சிவந்து ஊதிப்போய்ச் சாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு கிழடு என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்பன் சொத்தைப் பதினெட்டு வயதிலேயே தின்று தீர்த்த மைனர். எடை கூடிப் பிறந்த நட்சத்திரம் எல்லாமே அப்படித்தான், எரிபொருள் எவ்வளவு இருந்தாலும் ஊதாரித்தனமாக எரித்துவிட்டு ஒன்றிரண்டு கோடி வருடத்தில் வெடித்துப் போகும். சூரியனைவிடக் கொஞ்சம் சின்னதாக, முக்கால் பங்கு எடையில் பிறந்தவை மகா கஞ்சம். பிரபஞ்சத்துக்கு வயது 1380 கோடி வருடம். அதன் ஆரம்ப காலத்தில் பிறந்த கஞ்சர்கள் சிலர் இன்னும் நம் பால்வெளியில் சாவகாசமாக எரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் தேடுவது அவர்களைத்தான்.

அழகரை வரவேற்கிற எதிர்சேவைக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கண் முன்னைப்போல் இல்லாததால் கல் பதிக்கிற வேலையை அப்பா விட்டுவிட்டார், பழைய நகை கொண்டுவருபவர்களுக்கு உரசிப் பார்த்து மாற்று, அதாவது தங்கத்தின் தரம், சொல்வதோடு சரி. கையில் யாருடையதோ ஒரு தோடு. கறுப்புக் கல்லில் அதை ஒரு இழுப்பு இழுத்தார், பக்கத்திலேயே, ஒப்பிட்டுப் பார்க்க, மாற்றுத் தெரிந்த உரையாணியால் ஒரு இழுப்பு, ரெண்டு கோட்டின் மேலும் திராவகத்தைத் தடவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"நீ அங்க என்னதாம்மா செய்யிற?" என்றார், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். போனில் இருந்த ஒரு நிறமாலையைத் திறந்து காட்டினேன். நட்சத்திரத்தின் ஒளியை வானவில் மாதிரி அகலமாக விரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் இருக்கும். 1814இல் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஒளியில் நூற்றுக்கணக்கில் அவற்றைக் கண்டு குறித்துவைத்தார், அவை என்னவென்று அவருக்கே தெரியாது. அரை நூற்றாண்டு கழித்து கிர்க்காஃபும் புன்செனும்தான் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோட்டு வரிசை உண்டு, கைரேகை மாதிரி, என்று கண்டுபிடித்தார்கள். நட்சத்திரத்தின் மேல்பரப்பில் இருக்கிற இரும்பு அணு தனக்கென்று உள்ள நிறங்களை மட்டும் விழுங்கிவிடும், அங்கே கோடு கறுக்கும். நிறைய இரும்பு இருந்தால் கோடு அழுத்தமாக, கொஞ்சம் இருந்தால் மெல்லிசாக.

"உரைகல் கோடுதானே இது" என்றார் அப்பா.

அப்புறம் கேட்டார்: "எதோட ஒப்பிட்டுப் பாப்ப?"

"சூரியனோடப்பா."

"அதுதான் உன் ஆணி. சரி, அந்த ஆணி சுத்தமான்னு யார் பாத்துச் சொன்னா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஏனென்றால் எங்கள் துறையில் இது இன்னும் ஓயாத சண்டை. 2000களில் மார்ட்டின் அஸ்ப்லண்டும் கூட இருந்தவர்களும் சூரியனின் மேல்பரப்பு கொதிக்கிற விதத்தை முப்பரிமாணத்தில் கணித்து மறுபடி அளந்தபோது, அதற்கு முன் நம்பிக்கொண்டிருந்ததைவிட ஆக்சிஜன் கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. சூரியனின் அதிர்வுகளை வைத்து அதன் உள்பக்கத்தைக் கணிப்பவர்களோ, பழைய எண்தான் எங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று நின்றார்கள். ஆணியிலேயே மாற்றுக் குழப்பம். எல்லா நட்சத்திரத்தையும் அதை வைத்துத்தான் உரசுகிறோம். நல்லவேளையாக இரும்பு விஷயத்தில் அவ்வளவு தகராறு இல்லை, என் ஆய்வேடு தப்பித்தது.

இரும்பைத்தான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்றால், அதற்குக் கோடுகள் ஏராளம், எளிதில் சிக்கும், அவ்வளவுதான். மற்ற தனிமங்களுக்கும் சேர்த்துப் பொதுவாக உலோகம் என்றே சொல்லிவிடுவோம். வானியல்காரர்களுக்கு ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்றது எல்லாமே உலோகம்.

"மூச்சு விடுற ஆக்சிஜனா?"

"அதுவும் உலோகம்தான்ப்பா."

"அடுப்புக் கரி?"

"ம்."

"யாரும் உங்களை நம்பி நகை செய்யக் குடுக்காம இருந்தாங்களே" என்றார்.

கணக்கையும் சொன்னேன். சூரியனில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணு இருந்தால் இரும்பு அணு முப்பது சொச்சம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கிற நட்சத்திரத்துக்கு மைனஸ் ஒன்று, நூறில் ஒரு பங்குக்கு மைனஸ் இரண்டு, ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மைனஸ் மூன்று என்று எழுதுவோம். மைனஸ் மூன்று என்றால் பத்து கோடி ஹைட்ரஜனுக்கு மூன்று இரும்பு. அந்த மாதிரி ஒன்று சிக்கினால் எங்கள் அறையில் அன்றைக்கு யாராவது கேக் வாங்கிவிடுவார்கள். கடையில் 916 முத்திரைக்கு ஒரு புள்ளி குறைந்தால்கூட வீட்டுக்கு ஆள் வருகிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, பத்தரை மாற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு மாற்று இல்லாததைத் தேடுகிறேன் என்பது அப்பாவுக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

மாற்றுக் குறைந்தால் ஏன் பழசு என்பதை விளக்கத்தான் கொஞ்சம் திணறினேன். கீழடியில் குழி தோண்டினால் கீழ் அடுக்கில் இருப்பது மூத்தது, மேல் அடுக்கில் இருப்பது இளையது. மண்ணே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். பால்வெளியில் அப்படி அடுக்கு கிடையாது, பாட்டனும் பேரனும் ஒரே திண்ணையில் கலந்து கிடக்கிறார்கள். கடைசியில் எங்கள் சந்தின் சாக்கடைதான் கைகொடுத்தது. நகைப் பட்டறை இருக்கிற தெருக்களில் விடியற்காலையில் சாக்கடை மண்ணை அள்ளிப்போய் அரித்துத் தங்கத்தூள் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டறைகள் ராவுகிற தூளில் ஒரு துளி எப்படியும் மண்ணுக்குப் போய்ச் சேரும். இந்த மண்ணில் வருடத்துக்கு ஒரு செங்கல் அறுத்துச் சுட்டு வைத்துக்கொண்டே வந்தால்? பட்டறையே இல்லாத காலத்துச் செங்கல்லில் பொன் இருக்காது. ரெண்டே பட்டறை இருந்த காலத்துச் செங்கல்லில் ஏதோ ஒரு துணுக்கு இருக்கும். இன்றைக்கு அறுத்ததில் நிறைய. செங்கல்லைச் சுட்டுவிட்டால் அப்புறம் உள்ளே ஒன்றும் புகாது, அறுத்த அன்றைக்கு மண் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடும்.

நட்சத்திரம் ஒரு செங்கல். பெருவெடிப்பில் உண்டானது ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் நட்சத்திரங்கள் என்கிற பட்டறைகளில் உருவாகி, வெடித்தோ உதிர்ந்தோ வெளியே சிந்தியது. ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் சேர்த்துக்கொண்டே போனது. நட்சத்திரங்கள் தனிமங்களைச் சமைக்கின்றன என்பதற்கு ஒரு அழகான சாட்சி உண்டு: டெக்னீசியம் என்கிற தனிமத்தின் அதிக ஆயுள் கொண்ட வகையே நாற்பது லட்சம் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், ஆனால் 1952இல் பால் மெரில் சில முதிர்ந்த சிவப்பு நட்சத்திரங்களில் அதன் கோட்டைப் பார்த்தார். அவ்வளவு வயதான நட்சத்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் அழிகிற சரக்கு என்றால், அது அங்கேயே சமைத்ததாகத்தான் இருக்க வேண்டும். எப்படிச் சமைக்கிறது என்ற முழுப் பாகமுறையை பர்பிட்ஜ் தம்பதியும் ஃபௌலரும் ஹாயிலும் 1957இல் எழுதினார்கள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 1951இல், சேம்பர்லின், ஆலர் என்ற இருவர் ரெண்டு நட்சத்திரங்களில் இரும்பும் கால்சியமும் சூரியனைவிட மிகவும் குறைவு என்று சொன்னார்கள். அதுவரை எல்லா நட்சத்திரமும் ஒரே சரக்கு என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்த இரண்டில் ஒன்று எச்டி 140283, துலாம் ராசிப் பக்கம், 200 ஒளியாண்டு தூரம், பைனாகுலர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். இரும்பு சூரியனில் இருப்பதில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான். 2013இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீட்டை வைத்து அதன் வயதை 1446 கோடி என்று கணித்தார்கள். உடனே பிரபஞ்சத்தைவிட மூத்த நட்சத்திரம், விஞ்ஞானிகள் அதிர்ச்சி என்று இன்றுவரை வீடியோ வந்துகொண்டிருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ 80 கோடி என்று அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்ததை வீடியோ போடுகிறவர் யாரும் படிப்பதில்லை. பிள்ளையின் வயதைத் தோராயமாகச் சொன்னதால் அம்மாவைவிட மூத்தவன் ஆகிவிடுவானா? பிற்பாடு வந்த கணிப்புகள் அதை இன்னும் கீழே இறக்கிவிட்டன.

இரும்பே இல்லாத நட்சத்திரம் என்று எதுவும் இதுவரை அகப்படவில்லை, கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்தது 2014இல் ஆஸ்திரேலியாவின் ஸ்கைமேப்பர் தொலைநோக்கியால் கிடைத்த ஒன்று. அதில் இரும்புக் கோட்டைத் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை; இருந்தால் சூரியனில் இருப்பதில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் கார்பன் தாராளமாக இருந்தது. முதல் தலைமுறையைச் சேர்ந்த ஒரே ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்து, உள்ளே இருந்த இரும்பை அதன் கருந்துளையே விழுங்கிவிட, வெளித்தோலில் இருந்த கரி மட்டும் தப்பி வந்திருக்கலாம் என்று விளக்கம் சொல்கிறார்கள். ஒற்றைப் பட்டறை மட்டும் இருந்த நாளில் அறுத்த செங்கல்.

இதெல்லாம் பேசும்போது என் சொந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும், மறைத்துப் பயனில்லை. ரெண்டாம் வருடத்தில் ஒரு பெரிய பட்டியலைச் சலித்துக்கொண்டிருந்தபோது ஒரு நட்சத்திரத்தில் கால்சியம் கோடு இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மங்கலாக இருந்தது. கணக்குப் போட்டால் மைனஸ் நான்குக்கும் கீழே. ரெண்டு ராத்திரி தூங்கவில்லை, அம்மாவுக்குப் போன் செய்து காரணம் சொல்லாமல் சிரித்தேன். மூன்றாம் நாள் என் நெறியாளர் திரையைப் பார்த்து, எவ்வளவு வெப்பநிலை போட்டாய் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என் அட்டவணையில் ஒரு வரிசை நழுவி, பக்கத்து நட்சத்திரத்தின் வெப்பநிலை இதற்கு ஏறியிருந்தது. நிஜத்தில் அது மூவாயிரம் டிகிரி கூடுதலாகக் கொதிக்கிற, ஒரு சிறப்பும் இல்லாத வெள்ளை நட்சத்திரம்.

கோடு மங்கலாக இருந்தால் சரக்குக் குறைவு என்று மட்டும் அர்த்தமில்லை, சூடு அதிகம் என்றும் அர்த்தமாகலாம். வெப்பம் கூடக்கூட அணு தன் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழக்கும், இழந்துவிட்டால் பழைய இடத்தில் கோடு விழாது. எந்தச் சூட்டில் எத்தனை அணு எலக்ட்ரானை இழந்திருக்கும் என்பதற்கான சமன்பாட்டை 1920இல் மேக்நாத் சாகா எழுதினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு 1925இல் செசிலியா பெய்ன் என்ற இருபத்தைந்து வயதுப் பெண் ஹார்வர்டில் தன் ஆய்வேட்டில் கணக்குப் போட்டபோது, நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று வந்தது. அன்றைய பெரிய மனிதர் ஹென்றி ரஸ்ஸல், அது நடக்காத காரியம் என்றார். அந்தப் பெண்ணும் அந்த முடிவு நிஜமாக இருக்காது என்று ஆய்வேட்டிலேயே எழுதிக்கொடுத்துவிட வேண்டியதாயிற்று. நான்கு வருடம் கழித்து ரஸ்ஸல் தன் வழியில் போய் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு இந்தக் கதையைப் படிக்கிறபோதெல்லாம் வயிறு எரியும். என்னுடையது வெறும் வரிசை நழுவல், பெய்ன் சரியாகப் போட்ட கணக்கைத் தவறு என்று தானே எழுதியவர்.

அப்பாவுக்கு சாகா கதையைவிட வெப்பநிலைக் கதை பிடித்திருந்தது. "எந்தச் சூட்டுல பாக்கறன்னு தெரியாம மாற்றுச் சொல்லக் கூடாது" என்றார், குமுட்டி அடுப்பைப் பார்த்தபடி.

எதிர்க் கடையில் தங்கம் சோதிக்கிற எக்ஸ்ரே மிஷின் வந்து சில வருடம் ஆகிறது. நகையை உள்ளே வைத்தால் அரை நிமிடத்தில் தங்கம் இத்தனை, செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று சீட்டு வரும். அதுவும் நான் செய்வதற்குச் சொந்தக்காரன்தான்: எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள ஒளியைத் திருப்பி அனுப்பும், மிஷின் அதைப் படிக்கிறது. அப்பா அதை நம்புவதில்லை என்று சொன்னால் பொறாமை என்று நினைப்பீர்கள், கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் அவர் சொல்கிற காரணம் சரியானது. "அது மேல்தோலைத்தான் பாக்கும். கெட்டி முலாம் போட்டிருந்தா ஏமாந்துரும். சந்தேகம்னா ராவிப் பாக்கணும்."

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே முலாம்தான்.

நட்சத்திரத்திலும் நாம் பார்ப்பது மேல்தோலை. ராவிப் பார்க்க வழியில்லை. இரும்பு குறைந்த பழைய நட்சத்திரங்களில் பல, கார்பனை அளவுக்கு மீறி வைத்துக்கொண்டிருக்கின்றன. அதில் இரண்டு ஜாதி. ஒன்று, பிறக்கும்போதே அப்படிப் பிறந்தது, அந்த 2014 நட்சத்திரம் மாதிரி. இன்னொன்று, பிறந்தபோது ஒன்றும் இல்லாதது. ஆனால் ஜோடியாக இன்னொரு நட்சத்திரம் இருந்து, அது முதிர்ந்து ஊதியபோது தான் சமைத்த கார்பனையும் பேரியத்தையும் இதன் மேல் கொட்டிவிட்டு, இன்றைக்கு வெளியே தெரியாத ஒரு வெண்குறுமீனாக, எரிந்து முடிந்த மிச்சமாக, சுருங்கிக் கிடக்கும். மேலே முலாம், உள்ளே பழைய சரக்கு. செங்கல்லுக்குள் அப்புறம் ஒன்றும் புகாது என்று சொன்னேன் இல்லையா, அது இந்த ஜாதிக்குப் பொருந்தாது. சுட்ட பிறகும் பக்கத்து வீட்டுக்காரன் வெளியே சுண்ணாம்பு அடித்துவிட்டான். மேல்தோலை அப்படியே நம்பி, ஆதிகாலத்தில் பேரியம் இவ்வளவு இருந்தது என்று எழுதினால் மானம் போய்விடும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஜோடி இருந்தால் இது அதைச் சுற்றித் தள்ளாடும். தள்ளாடினால் கோடுகள் ஒரு வருடம் கொஞ்சம் நீலப் பக்கமும் இன்னொரு வருடம் கொஞ்சம் சிவப்புப் பக்கமும் நகரும். அதனால் ஒரே நட்சத்திரத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. இரும்பு சூரியனில் நானூறில் ஒரு பங்கு, கார்பன் ஏகத்துக்கும், பேரியக் கோடு நல்ல அழுத்தம். இரண்டு முறை பார்த்தாயிற்று, லடாக்கில் ஹன்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் இருக்கிற இரண்டு மீட்டர் தொலைநோக்கி வழியாக. அங்கே நாங்கள் போவதில்லை, பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறோம். லடாக் குளிரில் நடுங்கினேன் என்று ஊரில் பெருமை அடிக்க முடியாது. இரண்டு அளவும் ஒரே மாதிரி இருந்தன. அசையவே இல்லை என்றும் சொல்லலாம், பார்த்த இரண்டு தடவையும் தற்செயலாகச் சுற்றில் ஒரே மாதிரி இடத்தில் இருந்திருக்கலாம் என்றும் சொல்லலாம்.

அப்பா தோட்டைக் காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதிவைத்துவிட்டு, கடைசியாகத்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "உன் கோட்டுல தங்கம் தெரியுமா?"

தெரியும், ஆனால் எனக்குத் தெரியாது. சூரியனிலேயே ஒரு லட்சம் கோடி ஹைட்ரஜன் அணுவுக்குத் தங்க அணு பத்துக்கும் கீழேதான். அதன் நல்ல கோடுகள் புற ஊதாவில் விழுகின்றன, பூமியின் காற்று அதை மறித்துவிடும், ஹப்பிள் மாதிரி மேலே இருப்பதை வைத்துத்தான் சில பழைய நட்சத்திரங்களில் பார்த்திருக்கிறார்கள். தரையிலிருந்து பார்க்கிற நாங்கள் தங்கத்துக்குப் பதிலாக யூரோப்பியம் என்கிற தனிமத்தைப் பார்ப்போம், ரெண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை. என்ன அடுப்பு என்று தெரிய 2017 ஆகஸ்ட் 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள், பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சுகிற கெட்டி உருண்டைகள், மோதிய அதிர்வு அன்றைக்கு வந்து சேர்ந்தது, பின்னாலேயே வந்த ஒளியில் கன தனிமங்கள் புதிதாக உண்டான அடையாளம் இருந்தது. பூமியின் எடையைப்போல் சில மடங்கு தங்கம் அந்த ஒரு மோதலிலேயே உண்டாகியிருக்கலாம் என்று கணித்தார்கள். அதற்கு முந்தின வருடம், ரெட்டிகுலம் 2 என்கிற குட்டி விண்மீன் திரளில் ஒன்பது நட்சத்திரங்களைப் பார்த்ததில் ஏழில் யூரோப்பியம் கொட்டிக் கிடந்தது. மற்ற குட்டித் திரள்களில் தேடினால் இருக்கிறதா என்று தெரியாத அளவு. ஆக, இது எல்லா ஊரிலும் தினமும் நடக்கிற சமையல் இல்லை, எப்போதாவது ஒரு ஊரில் ஒரு தடவை நடந்து, அந்த ஊரே பொன்னாகிவிடுகிற சமாசாரம். எல்லாத் தங்கமும் மோதலில்தான் வந்ததா, வேறு வகை வெடிப்புகளுக்கும் பங்கு உண்டா என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை.

"அப்ப இந்தத் தோடு?"

"சூரியன் பொறக்கறதுக்கு முன்னாடியே உண்டான தங்கம்ப்பா. பூமிக்கு வந்ததுல பெரும்பகுதி உருகி நடுவுல இரும்போட இறங்கிருச்சு. மேல இருக்கறது ஏதோ கொஞ்சம்தான்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அநியாயச் சேதாரம்" என்றார்.

மறுநாள் எதிர்சேவை. மூன்றுமாவடியில் கூட்டத்தில் நின்று, அப்புறம் தல்லாகுளத்தில் சித்தப்பா வீட்டு மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. கீழே சர்க்கரைக் கிண்ணத்தில் சூடம் ஏற்றிக்கொண்டு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், பீய்ச்சுகிற தண்ணீர் மாடிவரை தெறித்தது. நிலா முழுசாக இருந்ததால் வானத்தில் வேறு ஒன்றும் தேறவில்லை, சுவாதியைத் தவிர. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய ராத்திரியில் மதுரையில் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும், கழுத்தை முழுசாக மடக்க வேண்டும். 37 ஒளியாண்டு, காவி ஏறிய மஞ்சள். அப்பாவுக்குக் காட்டினேன்.

அதில் இரும்பு சூரியனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் அந்த இரும்போடு ஒப்பிட்டால் மெக்னீசியம் கூடுதல். இந்த விகிதம் பேச்சுவழக்கு மாதிரி. மெக்னீசியமும் ஆக்சிஜனும் பெரிய நட்சத்திரங்கள் வெடிக்கும்போது சீக்கிரமே வந்துவிடுகின்றன. இரும்பில் பெரும்பங்கைத் தருவது வெண்குறுமீன்களின் வெடிப்பு, அது பொறுமையாக, பல கோடி வருடம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் பிறந்துவிட்டவர்களிடம் மெக்னீசியம் தூக்கலாக இருக்கும். சின்ன ஊரில், அதாவது குட்டி விண்மீன் திரளில், வேலை மெதுவாக நடப்பதால், மொத்தச் சரக்கு சேர்வதற்குள்ளேயே இரும்பு வந்து மெக்னீசியத்தை அமுக்கிவிடும். அதனால் ஒரு நட்சத்திரம் நம் பால்வெளிக்காரனா, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவனா என்பது வாயைத் திறந்தால் தெரிந்துவிடும், மதுரையில் எத்தனை வருடம் இருந்தாலும் "ஏலே" என்றால் திருநெல்வேலி என்று தெரிகிற மாதிரி. கையா விண்கலம் அளந்த நட்சத்திரங்களின் இருப்பிடத்தையும் நகர்வையும் வைத்து 2018இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒன்றைக் கண்டுபிடித்தன: சுமார் ஆயிரம் கோடி வருடத்துக்கு முன் ஒரு சின்ன விண்மீன் திரள் நம் பால்வெளியில் விழுந்து கரைந்துபோயிருக்கிறது, பால்வெளியின் தட்டுக்கு வெளியே சுற்றித் திரிகிற பழைய நட்சத்திரங்களில் பெரும்பகுதி அந்த ஊர்க்காரர்கள். ஒரு குழு அதற்கு கையா என்செலடஸ் என்று கிரேக்கப் பெயர் வைத்தது, இன்னொரு குழு வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்து சாசேஜ் என்று வைத்தது. விஞ்ஞானிகளைப் பெயர் வைக்க விடவே கூடாது.

சுவாதி அந்தக் கும்பல் இல்லை, உள்ளூர்தான், ஆனால் பால்வெளித் தட்டின் பழைய, தடித்த பகுதியைச் சேர்ந்தது; நம்மோடு சேர்ந்து ஒழுங்காகச் சுற்றாமல், நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நட்சத்திரங்கள் நிலையாக ஒட்டவைத்தவை இல்லை என்று 1718இல் ஹேலி கண்டுகொண்டதே இதையும் இன்னும் இரண்டையும் வைத்துத்தான்.

"போயிட்டே இருக்கா" என்றார் அப்பா. அம்மா வந்து, பானகம் வேண்டுமா, இன்னும் அண்ணாந்துகொண்டே நின்றால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்றாள். அழகர் வருகிற சத்தம் கேட்டது, எல்லாரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடினோம்.

பெங்களூர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. என் கார்பன் நட்சத்திரத்துக்கு அக்டோபரில் ஒரு ராத்திரி நேரம் கிடைத்திருக்கிறது, ஒரு முறைக்கு நாற்பது நிமிடம் வீதம் மூன்று முறை, மேகம் வராமல் இருந்தால். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முன்பெல்லாம் அப்பா சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவார். இப்போது சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு கேள்வி சேர்ந்திருக்கிறது.

"முலாமா, இல்லையா?"

"அக்டோபர்ப்பா."

"சரி சரி, அவசரப்பட்டுச் சொல்லிராத" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கிறார்.